கால் மாறிய கட்டு

சார், நீங்களே சொல்லுங்க. ஒரு நாய்க்கு செவ்வாக்கெழம இடது பின்னங்கால் ஒடிஞ்சிருக்கு. புதன்கெழம பாத்தா அதே நாய்க்கு வலது பின்னங்கால்ல கட்டு. ஒடிவு கால் விட்டுக் கால் தாவுமா? தாவாதுல்லா. அதத்தான் நான் கேட்டேன். கேட்டது ஒரு குத்தமா?

நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. எங்க எறங்கணும்? கோவில்பட்டியா. சரி, நேரம் கெடக்கு. நான் மதுரை போறேன், மக வீட்டுக்கு. நீங்க போன்ல அடிபட்ட பூனைக்கு ஆபரேஷன், பணம் அனுப்புங்கன்னு ஒண்ணு பாத்துட்டு இருந்தீங்களா, அதான் வாயக் குடுத்துட்டேன். அடுத்தவன் போன எட்டிப் பாக்கது தப்புதான். தொழில் பழக்கம், போக மாட்டேங்கு. அனுப்புறதா இருந்தா அனுப்புங்க, நான் வேண்டாம்ங்கல. அதுக்கு முன்ன நான் சொல்றத ஒருதரம் கேட்டுக்கிடுங்க.

நான் போக்குவரத்துக் கழகத்துல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவன். மொத பன்னெண்டு வருஷம் கண்டக்டர், பெறகு பத்தொம்பது வருஷம் செக்கிங். முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல ஒரு மெமோ கெடையாது. வண்டில ஏறுன ஒடனே நான் டிக்கெட்டு கேக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க. சும்மா நின்னு மூஞ்சியப் பாப்பேன். டிக்கெட்டு எடுக்காதவன் சன்னல் வழியா ரொம்ப ஆசையா வெளிய பாப்பான், தரிசுக் காட்டப் பாத்து ரசிப்பான். அந்தா மூணாவது சீட்டு நீலச் சட்டை, பாத்தீங்களா? சரி, நமக்கென்ன, ரிட்டயர்டு ஆயாச்சு.

ஒருதரம் சங்கரன்கோவில் வண்டில ஒருத்தன் ஊனமுற்றோர் பாஸ் வச்சிருந்தான். ஏறும்போது வலது கால நொண்டுனான். நான் பேசாம இருந்தேன். எறங்கும்போது பாத்தா இடது கால நொண்டுதான். தோளப் பிடிச்சேன். "ஏல, எந்தக் கால்ல நொண்டணும்னு மறந்துட்டியா"ன்னு கேட்டேன். அழுதுட்டான். பாஸ் அவன் அண்ணனோடது. அன்னைலேந்து டிப்போவுல எனக்கு ஒரு மதிப்பு. பொய் சொல்றவனுக்கு எடம் வலம் தெரியாதுங்கது என் கொள்கை. அந்தக் கொள்கை என்னை ஒருநாளும் கைவிட்டதில்ல, போன ஐப்பசி வரைக்கும்.

எங்க காலனி பாளையங்கோட்டைல. நாலு வீடு தள்ளி ஜெபக்கனின்னு ஒரு பொம்பள, நாப்பத்திமூணு வயசு, கல்யாணம் கட்டல. தாய் தகப்பன் போயாச்சு. கோர்ட்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கா. வீட்ல அவளும் ஒரு நாயும்தான். நாய்க்குப் பேரு பூரி. குட்டியா இருக்கையில வயிறு உப்பிப்போய் கெடந்துச்சாம். நாட்டு நாய்தான், செவல நெறம். ஜாதி நாய் கூடக் கெடையாது.

செவ்வாக்கெழம காலைல ஒம்பது மணிக்கு எங்க வீட்டுக் கதவத் தட்டுதா. சேலையெல்லாம் ரத்தம். "அண்ணாச்சி, பூரிய வண்டி அடிச்சிட்டு. பின்னங்கால் எலும்பு ரெண்டு எடத்துல போயிட்டாம். ஆஸ்பத்திரில போட்டுட்டு வாரேன். பிளேட்டு வைக்கணுமாம், ரெண்டு நாளைக்குள்ள வைக்கணுமாம். முப்பத்திரெண்டாயிரம் ஆகுமாம். எங்கிட்ட எட்டுதான் இருக்கு"ன்னு சொல்லுதா.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, ஏன் மொதல்ல எங்க வீட்டுக்கு வாரா? பக்கத்து வீடு இன்ஜினியர் வீடு. எதுத்தாப்ல நகைக்கடைல வேல பாக்கவர் இருக்காரு. அவங்கள எல்லாம் விட்டுட்டு நாலு வீடு தாண்டி பென்ஷன்காரன் வீட்டுக்கு ஏன் வரணும்? நான் விசாரிச்சேன். எத்தன மணிக்கு? ஆறரைக்கு, பால் பூத்து எதுத்தாப்ல. என்ன வண்டி? மினி லாரி. நம்பர்? தெரியாது. பாத்த ஆளு? பூத்துல நின்னவங்க யாரோ சொன்னாங்களாம், யாருன்னு தெரியாதாம்.

"ஆறரைக்கு நானும் பால் பூத்துலதான் நின்னேன், நான் ஒண்ணும் பாக்கலியே"ன்னு சொன்னேன்.

அவ என்னையே பாத்துட்டு நின்னா. பெறகு, "சரி அண்ணாச்சி, நீங்க முடிஞ்சதக் குடுங்க"ன்னுட்டுப் போயிட்டா. முடிஞ்சதக் குடுங்கன்னா என்ன அர்த்தம்? இத்தனைக்கும் அன்னைக்குக் காலைல நான் அத நல்லா பாத்திருக்கேன். வால ஆட்டிட்டு நல்லாத்தான் நின்னுச்சு.

மத்தியானம் காலனி வாட்ஸப் குரூப்புல வந்துட்டு. நாய் படுத்திருக்கிற போட்டோ, இடது பின்னங்கால்ல கட்டு. கீழ ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டு. ஜனங்க அனுப்ப ஆரம்பிச்சிட்டாங்க. ஐநூறு, ஆயிரம். இன்ஜினியர் ரெண்டாயிரம். அந்த மனுஷன் போன வருஷம் காலனி கோயில் கொடைக்கு வரி கேட்டப்ப, "கோயிலுக்கு வரி குடுக்கது எங்க கொள்கை கெடையாது"ன்னு கதவச் சாத்துனவரு. நாய்ன்னதும் கொள்கை வந்துட்டு.

நான் அந்த எஸ்டிமேட்டப் பெருசு பண்ணிப் பாத்தேன். சீல் இருந்துச்சு, கையெழுத்து இருந்துச்சு. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. எல்லாம் சரியா இருந்தாத்தான் எனக்குச் சந்தேகமே வரும், பாத்துக்கிடுங்க. அவ யாரு? ஜெராக்ஸ் கடைக்காரி. கம்ப்யூட்டர், பிரிண்டர், சீல் பண்ற ஆளு எல்லாம் ஒரே வரிசைல. அவளுக்கு ஒரு பில்லு அடிக்க எம்புட்டு நேரம் ஆகும்?

எங்க வீட்டுக்காரி சண்முகவடிவு சொன்னா, "ஒரு வாயில்லாச் சீவனுக்கு இம்புட்டு விசாரணையா"ன்னு. இவ எப்பவும் அப்படித்தான். வாசல்ல குறி சொல்றவன் வந்தாக் கூட உக்கார வச்சு மோர் குடுப்பா.

புதன்கெழம காலைல ரெண்டாவது போட்டோ வந்துச்சு. ஜெபக்கனி நாய் தலைய மடில வச்சிட்டு உக்காந்திருக்கா. கண்ணு வீங்கிப்போய் இருக்கு. "என்னோடதும் சேத்து இருபத்திநாலாயிரம் ஆயிட்டு, இன்னும் எட்டுதான், நாளைக் காலைல ஆபரேஷன்"னு எழுதிருக்கா. நான் அவ மூஞ்சியப் பாக்கல, கட்டப் பாத்தேன். வலது கால்.

எனக்குச் சங்கரன்கோவில் வண்டி அப்படியே கண்ணு முன்ன வந்துட்டு. அதோட விடல. பின்னால ஒரு போர்டு தெரியுது. அதுல இருக்கிற எழுத்து தமிழ் இல்ல. இங்கிலீசும் இல்ல. மலையாளம் எனக்குக் கொஞ்சம் தெரியும், தென்காசி டிப்போவுல நாலு வருஷம் இருந்தேன், அதுவும் இல்ல. எந்த ஊர்லயோ எவளோ எடுத்த போட்டோவுல இவ மூஞ்சிய ஒட்டிருக்கான்னு முடிவு பண்ணிட்டேன். அந்த மாதிரி ஒட்டுறாங்கன்னு பேப்பர்லயே போடுதான்லா?

ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, காலுக்குச் செவப்பு வட்டம் போட்டு, போர்டுக்குச் செவப்பு வட்டம் போட்டு, குரூப்புல விட்டேன். "சந்தேகத்துக்கிடமான வசூல். உறுப்பினர்கள் எச்சரிக்கையாக இருக்கவும். உரிய விளக்கம் கிடைக்கும் வரை யாரும் பணம் அனுப்ப வேண்டாம்." இம்புட்டுத்தான் எழுதுனேன். திருடின்னு எழுதல. நான் சட்டம் தெரிஞ்சவன்.

பத்து நிமிஷத்துல குரூப்பு அடங்கிப்போச்சு. பெறகு ஒவ்வொருத்தரா வாயத் தொறந்தாங்க. நகைக்கடைக்காரர், "எனக்கும் அப்பமே தோணுச்சு"ன்னாரு. அப்பமே தோணுனவரு ஏன் ஆயிரம் ரூவா அனுப்புனாருன்னு நான் கேக்கல. இன்ஜினியர் எனக்குத் தனியா கும்பிடு போட்டு ஒரு மெசேஜ். சாயங்காலம் டீக்கடைல எனக்கு எடம் விட்டு எந்திரிச்சாங்க சார். ரிட்டயர்டு ஆகி எட்டு வருஷத்துல அன்னைக்குத்தான் ஒருத்தன் எனக்கு எந்திரிச்சான்.

அவ விளக்கம் சொன்னாளான்னு கேக்கீங்க. சொல்லல. அதான் விஷயமே. சாயங்காலத்துக்குள்ள அத்தன பேர் பணத்தையும் ஒண்ணு விடாம திருப்பி அனுப்பிட்டா. "எல்லாருக்கும் அனுப்பிட்டேன். நன்றி"ன்னு ஒரே ஒரு வரி. அந்த வரிய நான் சண்முகவடிவுகிட்டக் காட்டுனேன். "பாத்தியா, மடில கனம் இருந்தாத்தான வழில பயம்"னு சொன்னேன். அவ போன்லயும் டிங்குன்னு ஒரு சத்தம். எடுத்துப் பாத்தா மூவாயிரம் திரும்பி வந்திருக்கு. எனக்குத் தெரியாம அனுப்பிருக்கா, சார். கட்டுன பொண்டாட்டி. ஒரே வீட்டுக்குள்ள டிக்கெட்டு இல்லாத பிரயாணம்.

வியாழக்கெழம முழுக்க அவ எங்கிட்டப் பேசல. சாயங்காலம் நான் பேப்பர் பாத்துட்டு இருக்கேன், பக்கத்துல வந்து உக்காந்து போன நீட்டி, "இங்க பாருங்க"ங்கா. படம் எடுக்கா. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம், ஒருநாளும் இப்படிப் படம் எடுத்ததில்ல. சமாதானத்துக்கு வாரான்னு நெனச்சுச் சிரிச்சு வேற வச்சேன்.

"உங்க வாட்சு எந்தக் கைல கட்டிருக்கு?"

"இடது கைல."

"படத்துல?"

பாத்தேன். வலது கைல இருக்கு. "உன் போன்ல ஏதோ கோளாறு"ன்னேன்.

"மொகத்தப் பாத்து எடுக்கிற கேமரால எடுத்தா சில போன்ல இப்படித்தான் விழும், கண்ணாடில பாத்த மாதிரி. ஜெபக்கனி போன்ல பின்பக்கக் கேமரா ஒடஞ்சு ஆறு மாசம் ஆச்சு. மொத போட்டோ நர்சு எடுத்தது. ரெண்டாவது இவ எடுத்தது"ன்னா. அத்தோட விட்டாளா? அந்தப் போட்டோவ எடுத்து, என்னை பீரோக் கண்ணாடி முன்ன கூட்டிட்டுப் போயி, போனக் கண்ணாடிக்கு நேரா பிடிச்சா. அந்த போர்டுல இருந்த பாஷை தெரியாத எழுத்து கண்ணாடிக்குள்ள நேராயிட்டு. 'மருந்தகம்'.

"உங்க வாட்சுக்கும் செவப்பு வட்டம் போட்டு குரூப்புல விடட்டா? போலி ஆள், எச்சரிக்கையா இருங்கன்னு"ன்னு கேட்டா.

நான் அப்பவும் ஒத்துக்கிடல. ஒருத்தி போன் கண்ணாடி மாதிரி காட்டுதுன்னு வச்சுக்கிடுவோம். அதுனால நாய்க்கு அடிபட்டது நெசம்னு ஆயிருமா? கண்ணால பாக்கணும்லா. வெள்ளிக்கெழம காலைல நேர ஆஸ்பத்திரிக்கே போயிட்டேன். செக்கிங்னா முன்னறிவிப்பு கெடையாது. வெளிய ஸ்கூட்டர் நம்பரப் பாத்தேன், அவளோடதுதான். உள்ள பெஞ்சுல உக்காந்திருந்தா. என்னையப் பாத்ததும் எந்திரிச்சு, "வாங்க அண்ணாச்சி"ன்னா. யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி.

ஒரு பெரிய கூண்டுல அது படுத்திருந்துச்சு. மயக்கம் தெளியல. நான் போயி நின்னதும் கண்ணு லேசாத் தொறந்துச்சு. வாலு மட்டும் தரைல தட்டுச்சு. ரெண்டு தட்டு. பெறகுதான் நான் காலப் பாத்தேன். வலது கால் நல்லா இருந்துச்சு. இடது கால் இல்ல.

டாக்டரம்மா சின்னப் பொண்ணு. நான் யாருன்னு அதுக்குத் தெரியாது. "புதன் இல்லன்னா வியாழன் காலைலயே பண்ணிருந்தா பிளேட்டு வச்சு காலக் காப்பாத்திருக்கலாம் சார். பணம் ரெடியாயிட்டுன்னு சொன்னாங்க, பெறகு இல்லன்னு சொல்லிட்டாங்க. தவணைல குடுங்கன்னு நான் சொன்னதுக்கும் கேக்கல, கடன் வாங்குனா அதுக்கும் ஏதாவது சொல்லுவாங்கன்னு பயந்துட்டாங்க. நேத்து சாயங்காலம் மிஷின வித்துட்டு வந்தாங்க, அதுக்குள்ள சீழ் மேல ஏறிட்டு. உயிருக்கு இனிமே பயமில்ல"ன்னு சொல்லுச்சு. ஜெராக்ஸ் மிஷின வித்துருக்கா சார். கடைல இருந்ததே ரெண்டு.

என்ன, போன எடுக்கீங்க? அனுப்பிட்டீங்களா? நான் பேசிட்டு இருக்கும்போதேவா? எம்புட்டு? சரி, சரி. உங்க பணம்.

ஜெபக்கனி என்னைய ஒரு வார்த்தை ஏசல. ஏசிருந்தா நான் பதில் வச்சிருந்தேன். வழியெல்லாம் பதில் தயார் பண்ணிட்டுத்தான் போனேன். அவ என்னன்னா கேண்டீன்ல டீ வாங்கிட்டு வந்து கைல குடுக்கா. நானே கேட்டுட்டேன். "அன்னைக்கு ஏன் மொதல்ல எங்க வீட்டுக்கு வந்த?" அத மட்டும் தெரிஞ்சுக்கிடணும்லா.

"உங்ககிட்டச் சொல்லாம வேற யார்ட்ட அண்ணாச்சி சொல்லுவேன்? அது எங்க வீட்ல சோறு திங்கிற நாயி, அம்புட்டுத்தான். காலைல உங்க செருப்புச் சத்தம் கேட்டாத்தான் அதுக்கு விடியும். நீங்க பிஸ்கட்டு போடுறது எனக்குத் தெரியும். உங்க வீட்டு மைனிக்குத் தெரிஞ்சா ஏசும்னு நான் யார்ட்டயும் சொல்லல. பணத்துக்காக வரல. நீங்க கூட ஆஸ்பத்திரிக்கு வருவீங்கன்னு நெனச்சு வந்தேன்"னா.

பெறகு அழுதா. அதுக்கு முன்ன அழல, இப்ப அழுதா. "எல்லாம் என் தப்புதான். அன்னைக்கு வாசல் கேட்ட சாத்தாம வச்சிட்டேன் போல. உங்களப் பாத்துட்டு ரோட்டுல ஓடிருக்கு. சாத்துனேன்னுதான் நெனப்பு இருக்கு, ஆனா சாத்திருந்தா எப்படி வெளிய வந்திருக்கும்?"னு திரும்பத் திரும்பச் சொல்லுதா. நான் டீயக் குடிச்சிட்டு வந்துட்டேன்.

குரூப்புல மறுப்புப் போட்டீங்களான்னு கேப்பீங்க. போட்டேன். "பரிசீலனைக்குப் பின் மேற்படி சந்தேகம் விலக்கிக்கொள்ளப்படுகிறது." முறைப்படி எழுதுனேன். ரெண்டு பேரு கும்பிடு போட்டாங்க. அடுத்த நிமிஷமே எவனோ தண்ணி மோட்டரப் பத்திப் போட்டுட்டான், அது அப்படியே மேல போயிட்டு. சண்முகவடிவு மட்டும், "மன்னிப்புங்கிற வார்த்தை உங்க டிப்போவுல கெடையாதா"ன்னு கேட்டா. கெடையாதுதான். நான் தப்பா ஒண்ணும் எழுதலியே. விளக்கம் கெடைக்கும் வரைன்னுதான எழுதிருக்கேன்.

இப்ப அது மூணு கால்ல தத்தித் தத்தி நடக்கு. நான் பால் வாங்கப் போறதில்ல. மாசம் நாப்பது ரூவா கூடக் குடுத்தா வீட்டுக்கே கொண்டாந்து போடுதான். காலைல ஜெபக்கனி வாசல் பெருக்கக் கேட்டத் தொறந்தா, ஆறரைக்கு எங்க வாசல்ல வந்து உக்காந்திருக்கும். நான் கதவத் தொறக்கதில்ல. அது கொரைக்கவும் செய்யாது, சும்மா இருக்கும். ஏழு மணிக்கு ஜெபக்கனி வந்து தூக்கிட்டுப் போவா.

அவ எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரியுதா சார், கேட்ட சாத்த மறந்துட்டேன்னு. கடைக்கு வாரவன் போறவன்ட்ட எல்லாம் சொல்லுதா. இப்ப ராத்திரி ரெண்டு தரம் எந்திரிச்சுப் போயி கேட்டுக் கதவுக்குக் கொண்டி மாட்டித் தாப்பா போட்டிருக்கான்னு பாத்துட்டு வாராளாம். வீட்டுக்காரிதான் சொன்னா. "பாவம், பித்துப் பிடிச்சிரும் போல"ன்னு.

பஸ்ஸு ஊருக்குள்ள வந்துட்டு. பையெல்லாம் எடுத்து வச்சுக்கிடுங்க.

அவ சாத்தித்தான் வச்சிருந்தா, சார்.

கொண்டிய எடுத்துவிட்டது நான். தெனமும் நான்தான் எடுப்பேன். அது எம் பின்னாலயே வரும், ரெண்டு பேரும் சேந்து ரோட்டத் தாண்டுவோம். அன்னைக்கு பூத்துல கூட்டம், பால் தீந்துருமோன்னு நான் முன்னால தாண்டிட்டேன். அது அந்தப் பக்கம் ஓரத்துல நின்னு பாத்துட்டு இருந்துச்சு. அது புத்தியாத்தான் நின்னுச்சு. நான்தான் கையத் தட்டி, "பூரி, வா"ன்னு கூப்பிட்டேன். கூப்பிட்டுட்டு பால் பாக்கெட்ட வாங்கத் திரும்பிட்டேன். பிரேக்கு சத்தம் கேட்டுச்சு. அது கத்துறதும் கேட்டுச்சு. நான் திரும்பிப் பாக்கல. முப்பத்தொரு வருஷம் அடுத்தவனத் திரும்பித் திரும்பிப் பாத்தே சம்பளம் வாங்குனவன், அன்னைக்குத் திரும்பல. பாலத் தூக்கிட்டுப் பின் தெரு வழியா வீட்டுக்கு வந்துட்டேன்.

ஒம்பது மணிக்கு அவ ரத்தத்தோட வந்து நின்னா பாருங்க, அப்பம் எனக்கு ஒரே நெனப்புதான். இவ சொல்றது பொய்யா இருக்கணும். பொய்யா மட்டும் இருந்துட்டா, அப்பம் ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிரும்லா. அதுக்குத்தான் அந்தக் காலத் தேடுனேன், போர்டத் தேடுனேன், எல்லாத்தையும் தேடுனேன்.

என்ன? அவகிட்டச் சொல்லிர வேண்டியதுதானங்கீங்களா? சொல்லலாம். ரெண்டு தரம் அவ வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிருக்கேன். ஏசுவாளோன்னு பயமில்ல சார். ஒரு கேள்வி கேக்க மாட்டா. நான் சொன்ன ஒடனே அப்படியே நம்பிருவா. அதான் பயமா இருக்கு.

எறங்குங்க, ஸ்டாண்டு வந்துட்டு. பாத்து எறங்குங்க.